சொல்லாத வாக்குறுதிக்கு எழுந்த கைகள்

சைகையம்மாவுக்கு அன்று காலையிலிருந்தே வலது தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. சாயங்காலம் சட்டமன்ற வேட்பாளர்கள் மூன்று பேர் ஒரே மேடையில் உட்கார்ந்து, கல்வி, வரி, ஊர்ப் பிழைப்பு என்று மூன்று விஷயங்களில் தங்கள் நிலைப்பாட்டைச் சொல்லப்போகிறார்கள். ஏற்பாடு வியாபாரிகள் சங்கம். வேட்பாளர்கள் வாயால் சொல்வதை, காது கேளாதவர்களுக்காக இவள் மேடை ஓரத்தில் நின்று கையால் சொல்ல வேண்டும். தேர்தலுக்குத் தேர்தல் இதே வேலைதான். பேசுகிறவர்களுக்கு வாய் வலித்ததாகச் சரித்திரமே இல்லை. வலியெல்லாம் இவள் தோளில்தான் வந்து இறங்கும்.

இந்த வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி கொஞ்ச நேரம் செய்ததும் அடுத்தவள் வந்து மாற்றிக்கொள்வாள். கைக்கு ஓய்வு கொடுக்கத்தான் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். கை தாங்கிக்கொள்ளும். மூளைதான் தாங்காது. களைத்துப்போன மூளை, காதில் விழுவதைக் கேட்பதை நிறுத்திவிட்டு, வாக்கியங்களைத் தானாகவே முடிக்க ஆரம்பித்துவிடும். அப்படி முடிக்கிறோம் என்பது முடிக்கிறவளுக்கே தெரியாது.

அன்றைக்குப் பார்த்து ஜோடிக்காரிக்குக் காய்ச்சல். சங்கத் தலைவருக்குப் போன் போட்டாள்.

"தலைவரே, ஜோடி இல்லாம என்னால முடியாது. வேற யாரையாவது வரச் சொல்லுங்க."

"கடைசி நேரத்துல எங்கம்மா போறது? அவங்க பேசறதுல பாதி ஒண்ணுமே இருக்காது. அந்த நேரத்துல கையைத் தொங்கப் போட்டு நில்லுங்க."

"ஒண்ணுமே இல்லாததைக் கையில சொல்றதுதான் தலைவரே ரொம்பக் கஷ்டம்."

அவர் பெரிதாகச் சிரித்தார். இவள் நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

சைகையம்மா என்பது ஊர் வைத்த பெயர். அவள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் காது கேட்காது, அவளுக்குக் கேட்கும். அதனால் பேச்சு வருவதற்கு முன்பே அவளுக்குக் கை வந்துவிட்டது. பேச்சும் வந்த பிறகு, அந்த வீட்டுக்கு வாயும் காதும் அவளே. பிஸ்கட் கம்பெனியில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த அப்பா, எந்த அலுவலகத்துக்குப் போனாலும் மகளைக் கையோடு கூட்டிப்போவார். எட்டு வயதில் மின்சார அலுவலகத்துக் கவுண்டரில் எக்கி நின்று, "நான் ஒழுங்கா பில் கட்டறவன். எனக்கு ரெண்டு குழந்தைங்க. இருட்டுல எப்படி இருக்கறது?" என்று கீச்சுக் குரலில் அதட்டியிருக்கிறாள். உள்ளே இருந்த குமாஸ்தா கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "உனக்கா பாப்பா ரெண்டு குழந்தைங்க?" என்றாராம். அப்பாவின் 'நான்' அவள் வாயில் 'நான்' ஆகத்தான் வர வேண்டும். அதுதான் இந்தத் தொழிலின் முறை. பேசுகிறவர் யாரோ, அவர்தான் 'நான்'. மொழிபெயர்ப்பாளர் அங்கே இல்லவே இல்லை.

அப்படி இல்லாமல் இருந்து இருந்தே அவளுக்கு நாற்பது வயதைத் தாண்டிவிட்டது. டாக்டருடைய 'நான்', நீதிபதியுடைய 'நான்', பத்திரம் எழுதுகிறவருடைய 'நான்' எல்லாம் அவள் உடம்பு வழியாகப் போய்வந்தாகிவிட்டது. வீட்டுக்கு வந்தால் எனக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கக்கூடத் தெம்பு இருக்காது. சோறு சூடாக இருந்தால் போதும் என்று தோன்றும்.

கல்யாணமும் காது கேளாத ஒருவரோடுதான். காது கேளாதோர் பள்ளியில் தையல் வாத்தியார். பிடித்துப்போய்ப் பண்ணிக்கொண்டாள். கைப்பேச்சில் நீ, நீங்கள் என்ற பேதம் கிடையாது. மரியாதை, கோபம், கொஞ்சல் எல்லாம் முகத்தில்தான். அதனால் பக்கத்து வீட்டுப் பெண்கள் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவதை எல்லாம் அவள் புருஷனிடம் நேராகச் சொல்லிவிடுவாள். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. சண்டையில் தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வார். அதோடு இவள் கட்சி அம்போதான்.

அந்தப் பள்ளிக்குத்தான் இப்போது கெட்ட வேளை வந்திருந்தது. பிள்ளைகள் எண்ணிக்கை போதாது, பெரிய நகரத்துப் பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று மேலே பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்தப் பெரிய பள்ளியில் தையல் வகுப்பு கிடையாது. வாத்தியாரின் வேலை போகும். அதைக்கூட எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம். ஒரு மெஷினை வாசலில் போட்டால் நாலு பேர் வருவார்கள். ஆனால் விடுதியில் இருக்கும் பிள்ளைகளை அவ்வளவு தூரம் அனுப்ப எந்த வீட்டிலும் துணிய மாட்டார்கள். வீட்டோடு வைத்துக்கொள்வார்கள். அந்த வீடுகளில் யாருக்கும் கைப்பேச்சு தெரியாது. சாப்பிடு, படு, சும்மா இரு, இந்த மூன்றுக்கு மட்டும்தான் அங்கே சைகை உண்டு. பேச ஆள் இல்லாமல் பிள்ளைகள் மறுபடியும் ஊமையாகிவிடுவார்கள் என்று வாத்தியார் சொல்லிக்கொண்டே இருப்பார்.

அதனால் அன்று மண்டபத்தின் இடது பக்கத்து வரிசைகள் நிரம்பிவிட்டன. பழைய மாணவர்கள், அவர்களுடைய பெண்டாட்டிகள், இரண்டு ஆசிரியர்கள். மூன்றாவது வரிசையில் தையல் வாத்தியார், இஸ்திரி போட்ட சட்டையில், பெண் பார்க்க வந்தவர் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். சைகையம்மா மோதிரத்தைக் கழற்றிப் பர்ஸில் போட்டாள். கறுப்பு மேல்சட்டையின் கையை முழங்கை வரை ஏற்றிவிட்டாள். கை பளிச்சென்று தெரிய வேண்டும். மற்றதெல்லாம் தெரியாமல் இருந்தால் நல்லது.

முதலில் வரி. இரண்டு தடவை ஜெயித்து இப்போதும் உறுப்பினராக இருக்கும் மரக்கடைக்காரர், சொத்து வரியை ஒரு பைசா ஏற்ற விடமாட்டேன் என்றார். வக்கீலம்மா ஒரு படி மேலே போய், வீடுகளுக்குப் பாதியாகக் குறைப்பேன், பெரிய வணிக வளாகங்களிடம் வாங்கிக்கொள்வேன் என்றார். வணிக வளாகமே ஊரில் ஒன்றுதான் இருந்தது, அதிலும் பாதிக் கடை பூட்டிக்கிடந்தது. மூன்றாவது வேட்பாளரான ஓய்வுபெற்ற பேராசிரியர் மட்டும், ரோடும் பள்ளியும் வேண்டுமென்றால் வரி கொஞ்சம் ஏறத்தான் செய்யும் என்றார். மண்டபம் 'ச்சொ' கொட்டியது. அவருக்கு டெபாசிட் கிடைக்காது என்பது அந்த நிமிஷமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அடுத்து ஊர்ப் பிழைப்பு. மூடிக்கிடக்கும் கண்ணாடித் தொழிற்சாலையை மரக்கடைக்காரர் மறுபடி திறக்கப்போகிறார். சென்ற தடவையும் திறக்கத்தான் போனார். வக்கீலம்மா அந்த இடத்தில் சிறுதொழில் பேட்டை கொண்டுவருவார். பேராசிரியர் முதலில் சந்தைக் கூரையின் ஒழுகலை அடைக்கச் சொன்னார். 'முன்னுரிமை', 'பரிசீலனை', 'ஒருங்கிணைந்த வளர்ச்சி' என்று வார்த்தைகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றையும் பிடித்து, யார் யாருக்கு என்ன செய்கிறார் என்று கண்டுபிடித்து, அதைக் கையில் வைத்து நீட்டியாக வேண்டும். நீட்டுவதற்குள் அடுத்தது வந்துவிடும். ஜோடிக்காரி உட்கார வேண்டிய நாற்காலியில் யாரோ ஒரு மாலையை வைத்திருந்தார்கள். சைகையம்மாவின் தோள் மரத்துப்போயிருந்தது. முகம் தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. எப்போது முடியும் என்றுகூட அவள் யோசிக்கவில்லை.

கடைசியில் கல்வி. மரக்கடைக்காரர் மைக்கை வாங்கியதும் இடது பக்கத்து வரிசைகளைப் பார்த்துக் கும்பிட்டார்.

"இந்த ஊருக்கு ஒரு பெருமைன்னா அது நம்ம காது கேளாதோர் பள்ளிதான். எங்க கடை கணக்குப்பிள்ளையோட பையன் அங்கதான் படிச்சான். இன்னிக்கு நல்ல உத்தியோகத்துல இருக்கான். அந்தப் பள்ளியை நான் பள்ளியா பார்க்கல, கோயிலா பார்க்கறேன்..."

இந்தப் பேச்சு சைகையம்மாவுக்கு மனப்பாடம். போன தேர்தலிலும் அதற்கு முந்தைய தேர்தலிலும் இதே மனிதருக்கு இதே மேடையில் மொழிபெயர்த்தவள் அவள்தான். பெருமை, கணக்குப்பிள்ளை மகன், உத்தியோகம், கோயில். அதற்கு அடுத்து, "என் உயிர் இருக்கிறவரை அதை ஒரு அடி நகர விடமாட்டேன்." கணக்குப்பிள்ளைக்கு இரண்டு பிள்ளைகளும் பெண் என்று ஊருக்கே தெரியும், அது வேறு கதை. கோயில் வந்ததுமே அவள் கை முன்னால் ஓடிவிட்டது. நெஞ்சைத் தொட்டு 'நான்' என்றது. வலது உள்ளங்கை கீழே அழுந்தி, அந்தப் பள்ளியை இருந்த இடத்திலேயே இருத்தியது. விடமாட்டேன் என்று தலை அசைந்தது. எல்லாம் பழக்கத்தில் கச்சிதமாக நடந்தன.

இடது பக்கம் அப்படியே எழுந்தது. காது கேளாதவர்கள் கைதட்ட மாட்டார்கள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி விரல்களைப் படபடவென்று அசைப்பார்கள். அத்தனை கைகளும் மேலே போய்விட்டன. தையல் வாத்தியார் நுனிக்காலில் எக்கி நின்றார். கட்டிய நாளிலிருந்து அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

அதே நேரத்தில் மரக்கடைக்காரரின் குரல் அவள் காதில் விழுந்தது.

"...அப்படிப்பட்ட கோயிலை இந்தச் சின்ன ஊர்ல முடக்கி வைக்கலாமா? அதனாலதான் சொல்றேன், பெரிய நகரத்துப் பள்ளியோட சேர்த்துட்டா பிள்ளைங்களுக்கு எல்லா வசதியும் கிடைக்கும்."

சொல்லிக்கொண்டே கைகளைப் பார்த்தவர், ஒரு கணம் ஆச்சரியப்பட்டுப் பிறகு முகம் மலர்ந்தார். "பாருங்க, பாருங்க! சம்பந்தப்பட்டவங்களே எழுந்து நின்னு வரவேற்கறாங்க! இதுக்கு மேல என்ன வேணும்?" பத்திரிகைக்காரர்கள் மேடையை விட்டுத் திரும்பி அந்தக் கைகளைப் படம் எடுக்க ஆரம்பித்தார்கள். வலது பக்கத்து மண்டபம் படார் படாரென்று தட்டியது.

சைகையம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தூக்கிய கைகள் தங்கள் பள்ளியை மூடுவதற்கே சம்மதம் சொல்லிக்கொண்டு நிற்கின்றன. நாளைக்குப் பேப்பரில் அந்தப் படம் வரும். அதைப் பார்த்து இனி யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். பேசாமல் விட்டுவிட்டால் அவளை யாரும் கேட்கப்போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். முதலில் இடது பக்கத்தைப் பார்த்து, கையால் சொன்னாள்.

"நிறுத்துங்க. இப்ப பேசறது அவர் இல்லை. பெயர்க்கற நான் பேசறேன். தப்பு என்னோடது. மூட விடமாட்டேன்னு அவர் சொல்லலை. பெரிய பள்ளியோட சேர்க்கணும்னு சொல்றார்."

கைதட்டல் என்றால் தானாக ஓய்ந்துவிடும். தூக்கிய கையை இறக்கித்தான் ஆக வேண்டும். ஒவ்வொன்றாக இறங்கியதை அவள் நின்று பார்த்தாள். தையல் வாத்தியாரின் கை கடைசியாக இறங்கியது. பிறகு தலைவரின் மைக்கை வாங்கி, வலது பக்கத்தைப் பார்த்து அதையே வாயால் சொன்னாள். மேடையில் சொந்தக் குரலில் பேசிப் பழக்கமே இல்லை அவளுக்கு.

"அவங்க கை தூக்கினது சேர்க்கறதுக்காக இல்லைங்க. நான் தப்பா சொன்னதுக்கு."

மரக்கடைக்காரர் அசரவில்லை. "பரவாயில்லம்மா, மனுஷங்கதானே, தப்பு வரும். ஆனா சந்தோஷப்பட்டது சந்தோஷப்பட்டதுதானே?" என்றார். மண்டபம் சிரித்தது. தலைவர் அவள் காதருகே, "மானத்தை வாங்கிட்டீங்களேம்மா" என்று முணுமுணுத்தார்.

தையல் வாத்தியார் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். அவர் கை அசைந்ததும் சைகையம்மா மறுபடியும் பெயர்ப்பாளர் ஆனாள். இப்போது வாயால் சொல்லும் முறை.

"நான் அந்தப் பள்ளியில தையல் சொல்லித் தர்றேன். பெரிய பள்ளியில தையல் வகுப்பு இருக்கா? விடுதிப் பிள்ளைங்களை வீட்டுல அனுப்பலைன்னா யார் போய்க் கூட்டிட்டு வருவாங்க?"

மரக்கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்துக் கனிவாகச் சொன்னார்: "உங்க தையல் வேலைக்கு ஒரு குறையும் வராதும்மா. நான் இருக்கேன்ல?"

தையல் வாத்தியார் அங்கே நிற்கிறவர்தான், தான் இல்லை என்று விளக்க அவளுக்குத் தெம்பில்லை. வந்த பதிலை அப்படியே கையில் சொன்னாள். வாத்தியார், "என் வேலையை நான் கேட்கலையே, பிள்ளைங்களைக் கேட்டேன்" என்றார். அதையும் வாயில் சொன்னாள். அதற்குள் நேரம் முடிந்துவிட்டதாகத் தலைவர் மணி அடித்துவிட்டார். வக்கீலம்மா, பள்ளி அங்கேயே இருக்கும் என்று உறுதி கொடுத்தார். வரியைப் பாதியாகக் குறைத்த பிறகு பணம் எங்கிருந்து வரும் என்று பேராசிரியர் கேட்டதற்கு, "மனசு இருந்தா மார்க்கம் இருக்கு" என்றார். பேராசிரியர், பள்ளியை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கென்று கொஞ்சம் வரி கட்ட எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்றார். அதற்கு யாரும் எந்தப் பக்கத்திலும் கை தூக்கவில்லை.

கூட்டம் கலைந்தபோது மண்டபத்துப் பின்வாசலில் மரக்கடைக்காரரின் உதவியாளர் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, பவ்யமான ஆள்.

"அம்மா, ஐயா உங்க மேல கோபமே படலை. ஒண்ணு சொல்லச் சொன்னார். வாக்குப்பதிவு வரைக்கும் எல்லாக் கூட்டத்துக்கும் நீங்களே வரணும். தனியா சம்பளம் பேசிக்கலாம்."

"எனக்கு எதுக்குங்க? நான்தான் தப்பா சொல்லிட்டேனே."

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். "அதைத்தான்மா ஐயா ரசிச்சார். அவங்க கை எல்லாம் எப்படி எழுந்துச்சு! ஐயா அவர் பேச்சைப் பேசட்டும். நீங்க அவங்களுக்கு, இன்னிக்கு முதல்ல சொன்னீங்களே, அதையே சொல்லுங்க. அவங்களுக்கும் சந்தோஷம், யாருக்கும் நஷ்டம் இல்லை."

சைகையம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் சத்து வேண்டும். "வேற ஆளைப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

பஸ்ஸில் கடைசி இருக்கையில்தான் இடம் கிடைத்தது. அந்த ஆள் என்ன சொன்னான் என்று வாத்தியார் கேட்டார். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். கையைத் தூக்க முடியவில்லை. மடிமேல் வைத்தபடியே சின்னச் சின்னதாகச் சொன்னாள். அவர் குனிந்து பார்த்துப் படித்துக்கொண்டார். முடித்ததும் நிமிர்ந்து வேகமாகக் கையை அசைத்தார்.

"நீ திருத்தாம விட்டிருக்கலாம்."

"அவர் சொல்லலையே."

"சொல்லலைன்னு உனக்குத் தெரியும். நாங்க அத்தனை பேரும் பார்த்தோம். விடமாட்டேன்னு சொன்னார்னு நாளைக்கு அவர் கடை வாசல்ல போய் உட்கார்ந்திருப்போம். ஒரு தடவையாவது எங்களுக்குச் சாதகமா ஒரு தப்பு நடந்திருக்கும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயம் தோள் வலியைவிட அதிகமாக வலித்தது.

வாத்தியார் விடவில்லை. "அவர் என்ன சொன்னார், நீ என்ன சொன்னேன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த மண்டபத்துல எங்களுக்கு உன்னை விட்டா யாரும் இல்லை. நீ சொன்னா சொன்னதுதான்."

"அதனாலதான்" என்றாள் அவள்.

வாத்தியாரின் கைகள் அந்தரத்தில் நின்றன. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பிறகு அவர் அவளுடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துவிட ஆரம்பித்தார். அவள் கை அவரிடம் இருந்தது, அவர் கைகளுக்கும் வேலை இருந்தது. இறங்கும் இடம் வரும்வரை இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.